ஒரு மேடு பாக்கி

வாரத்தில் ஐந்து இரவு
மரியான்ஹில் சுங்கச்சாவடியில் ஏழாவது கூண்டு எனக்கு.
சன்னலுக்குள் நீளும் கைகளைத்தான் தெரியும்;
முகம் பார்ப்பதற்குள் தடுப்புக்கட்டை எழுந்துவிடும்.
ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்கு
யாருக்கும் சில்லறை தராமல்
நானே சாலையில் இறங்குவேன்.

மின்வெட்டு. ஷால்கிராஸ் முழுக்க இருட்டு.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்
என் பாதம் இரண்டும் முறைவைத்து வந்து போகின்றன.
இடுப்புப் பையில் உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு,
தொடை உரசும் இடத்தில் வாசலின்.
இன்றைக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்கிறது
குளிர்ப்பெட்டிக் கதவில் யுகேஷ்னி ஒட்டிய அட்டவணை.
மாரத்தானுக்கு ஒன்பது வாரம்.

யார் துரத்துகிறார்கள் என்று கேட்பார்
மேற்பார்வையாளர் குப்பன்.
எட்டு மணிநேரம் உட்கார்ந்தே
ஊரெல்லாம் அனுப்பிவைக்கிறவள்
ஒருநாளாவது தானே போய்ப் பார்க்க வேண்டாமா?
அவரிடம் இதைச் சொன்னதில்லை.
கொழுப்பு குறைய என்றேன். அது புரிந்தது அவருக்கு.

நொம்பிலோ வரவில்லை, பணி மாற்றிக்கொண்டாளாம்.
இருந்தால் மேட்டில் பேசிக்கொண்டே வருவாள்,
எனக்கு ‘ம்’ சொல்லக்கூட மூச்சு இருக்காது.
இன்று அந்த ‘ம்’ மிச்சம்.

ஃபீல்ட்ஸ் ஹில்
செங்குத்தில்லை. அதுதான் அதன் வஞ்சகம்.
கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும்,
கந்துவட்டிக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டே.
ஒவ்வொரு வளைவிலும் இதோ முடிந்தது என்கும்
அடுத்த வளைவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.
தலையைக் குனிந்து விளக்குக்கம்பங்களை எண்ணினேன்.
பதினாறில் தவறியது.
எண்ணுவதே பிழைப்பாக இருப்பவளுக்கு
கொஞ்சம் அவமானம்தான்.

குளூஃபில் பனிமூட்டம்.
வேலிகளுக்குப் பின்னால் நாய்கள்
உருவமில்லாமல் குரைத்தன.
ஹில்கிரெஸ்ட்டில் திரும்பி
முதல் உருளைக்கிழங்கை எடுத்தபோது
மதில்மேல் இருந்த குரங்கு கையை நீட்டியது,
சரியாக என் கூண்டுக்குள் நீட்டுகிற மாதிரி.
பாதியைக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.

இறக்கம் இளைப்பாறல் என்பார்கள், ஓடாதவர்கள்.
ஏறும்போது நுரையீரல் கணக்குக் கேட்கும்,
இறங்கும்போது முழங்கால்.
பைன்டவுன் வருவதற்குள்
இடது முட்டிக்குள் யாரோ
சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
இருபத்தொன்பதில் பூட்டிக்கொண்டது.

வீட்டுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு மேடு.
நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.
டாக்சி வேன் ஒன்று ஹாரன் அடித்து நின்றது.
“ஏறு சிஸி,
மேடு எங்கேயும் ஓடிப்போகாது.”
ஏறினேன்.
எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முன் இருக்கைதான் காலி.
முன்னால் உட்கார்ந்தவர் காசு எண்ண வேண்டும்,
இந்த வேன்களில் அது எழுதாத சட்டம்.
சபைக்குப் போகும் பெண்கள், பச்சையும் வெள்ளையுமாக அங்கி.
தோள் தாண்டித் தோள் தாண்டி
நாணயங்கள் வந்து சேர்ந்தன
வியர்வை ஒட்டும் என் உள்ளங்கைக்கு.
மூன்று பேருக்கு. இரண்டு பேருக்கு, நூறுக்குச் சில்லறை.
விடுமுறையிலும் வேலை என்னைக் கண்டுபிடித்துவிட்டது.
பதினைந்து பேர், பதினான்கு கட்டணம்.
குறைந்த ஒன்று என்னுடையது.
பையைத் துழாவினேன்: உருளைக்கிழங்குத் தோல்.
பின்வரிசை மொத்தமும் சிரித்தது.
அடுத்த ஞாயிறு கொடு என்றான் ஓட்டுநர்,
கியரை மாற்றிக்கொண்டே.

அப்போதுதான் வெளியே பார்த்தேன்.
இருபத்துமூன்று நிமிடம் என்னைத் தின்னும் மேடு
இரண்டே நிமிடத்தில் சக்கரத்தடியில் போயிருந்தது.
மாமரத்து வீடு, உடைந்த குழாய்,
நான் எப்போதும் எச்சில் துப்புகிற திருப்பம்,
ஒன்றுக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை.

யுகேஷ்னி பென்சிலோடு நின்றாள்.
முப்பத்திரண்டு எழுதப் போனவள் கையைப் பிடித்தேன்.
கட்டத்துக்குள் நானே எழுதினேன்:
இருபத்தொன்பது.
கீழே, பொடி எழுத்தில்,
பாக்கி: பதினெட்டு ரேண்ட், ஒரு மேடு.